ரதியின் இடம்

தேர்வான செய்தி வந்த அன்று நாகூர் கனி தம் கடையில் யாரிடமும் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை. போர்டிக்சனிலிருந்து லிங்கிக்குப் போகும் சாலையோரக் கடை அது. இராணுவ முகாம் ஆட்கள், எண்ணெய் ஆலைத் தொழிலாளிகள், லாரிக்காரர்கள் என்று எந்நேரமும் கூட்டம்தான். "எம்மவ ஹாலந்துக்குப் படிக்கப் போறா. நண்டு ஆராய்ச்சி. டாக்டராத்தான் திரும்பி வருவா" என்று ரொட்டி சானாயோடு சேர்த்து அந்தச் செய்தியையும் மேசை மேசையாகப் பரிமாறினார்.

"நண்டுக்கா டாக்டர்?" என்றார் ஒரு லாரிக்காரர்.

"நண்டுக்குத்தான். ஒனக்கு ஒடம்பு முடியலன்னா வேற ஆளப் பாரு."

கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்த ஃபஸீஹா சிரித்துவிட்டாள். லிங்கி ஆறு கடலில் கலக்கும் இடத்துச் சதுப்புக் காட்டில் நண்டுகள் ஏன் குறைந்துகொண்டே வருகின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. முதுகலைப் படிப்பு முழுவதும் முழங்கால் சேற்றில் நின்றே கழிந்தது. மேற்கொண்டு செய்ய நல்ல ஆய்வுக்கூடம் வேண்டும், அதற்கு வெளிநாடு போக வேண்டும், போக உபகாரச் சம்பளம் வேண்டும்.

கோலாலம்பூரில் ஓர் அறவாரியம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆண்டுக்குச் சிலரைப் பரிமாற்ற ஆய்வாளர்களாக அனுப்பி வந்தது. பணம் போடுவது வங்கிகளும் தோட்டக் கம்பெனிகளும். ஆளைத் தேர்ந்தெடுப்பது பேராசிரியர்கள் குழு. விளம்பரத்தில் அப்படித்தான் இருந்தது. ஃபஸீஹாவும் நேர்காணலுக்குப் போய் வந்தாள். இடம் கிடைக்கவில்லை. காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆள் என்று மட்டும் சொன்னார்கள். அழுது முடித்து, மறுபடி சேற்றில் இறங்கிய பிறகுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. ஓர் இடம் காலியாகியிருக்கிறதாம். வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

அறவாரிய அலுவலகத்தில் அவளை வரவேற்றவர் ஷஹீதா என்ற அதிகாரி. நாற்பது வயதிருக்கும். ஒரு தமிழ்ப் பெண் தேர்வானதில் அவருக்கே ஒரு சந்தோஷம். குளிருக்கு என்ன உடுப்பு வாங்குவது, ஹலால் இறைச்சி எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் தங்கைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"எனக்கு எடம் விட்டுட்டுப் போன புண்ணியவான் யாருக்கா? வேற எங்கயாச்சும் கெடச்சிருச்சா?" என்று பேச்சுவாக்கில் கேட்டாள் ஃபஸீஹா.

"போகலம்மா. அது ஒரு தலைவலி." ஷஹீதா குரலைத் தாழ்த்தினார். "லாபுப் பக்கத்துப் பொண்ணு. தோட்டத்துல மருந்தடிக்கிற பொம்பளைங்க ஒடம்புல எவ்வளவு மருந்து தங்குதுன்னு ஆராய்ச்சி. காசு போடுறதே தோட்டக் கம்பெனி. தலைப்ப மாத்திக்கச் சொல்லிப் பாத்தோம். மாட்டேன்னுட்டா. மேல உள்ளவங்க பேர எடுத்துருங்கன்னுட்டாங்க. ஒன்னோடது நண்டுதானே, யாருக்கும் தொந்தரவு இல்ல."

ஃபஸீஹாவின் கையில் பேனா இருந்தது. நேர்காணல் அன்று காத்திருப்பு அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் சட்டென்று கண்முன் வந்தாள். ரதி. ஒல்லியாக, உயரமாக, மடியில் ஒரு பழைய மடிக்கணினியோடு. இருவரும் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோற்றைப் பகிர்ந்து தின்றார்கள். அவள் தன் ஆய்வைச் சொல்லச் சொல்ல, 'இவளுக்குக் கெடைக்கலன்னா வேற யாருக்கும் கெடைக்கக் கூடாது' என்று ஃபஸீஹா மனசுக்குள் நினைத்தது பொய்யில்லை.

"அக்கா, இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சிட்டுக் கொண்டு வரலாமா?"

"அதுக்கென்ன. மாசக் கடைசிக்குள்ள கொண்டாந்துரு" என்றார் ஷஹீதா.

வீட்டில் யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. ஒப்பந்தம் பைக்குள் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் என்ன? அவள் யாருடைய காலையும் வாரிவிடவில்லை. அவர்களாகக் கூப்பிட்டுக் கொடுத்தது. இப்படித் தனக்குத்தானே எவ்வளவு சொல்லிப் பார்த்தும் அந்த நாசி லெமாக் பொட்டலம் நெஞ்சில் அடைத்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு லாபுவுக்குப் போனாள்.

பிரதான சாலையிலிருந்து செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை போயிற்று. தோட்டத்தின் ஒரு பகுதியை வீடமைப்புக்காரர்கள் வாங்கி வேலி போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த பகுதியில் பழைய குடியிருப்பு, கோயில், மூடிக் கிடந்த பள்ளிக்கூடம். விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள்.

வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ரதி அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "ஏய், நண்டு ஃபஸீஹா! இவ்வளவு தூரம் எங்க?" என்று சிரித்தவள், வந்தவளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

உள்ளே உட்கார்ந்து, ஷஹீதா சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள் ஃபஸீஹா. ரதியின் அம்மா நீலாவதி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைதான் அவருக்கும்.

"எனக்கு என்ன எழுதுனாங்க தெரியுமா?" என்றாள் ரதி கடைசியில். "இந்த வருசம் எடம் கொறஞ்சிருச்சாம். அவ்வளவுதான். தலைப்ப மாத்தச் சொன்னாங்கன்னு எங்க யூனிவர்சிட்டியில சொன்னா, அது வேற, இது வேற, நீயா முடிச்சுப் போடாதன்னாங்க. எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஒருவேள நான்தான் சரியாப் பேசலையோன்னு."

"நான் எடத்த வேணாம்னு எழுதிக் குடுத்துர்றேன் ரதி. அது ஒங்களோடது."

ரதியின் முகம் மாறியது. "ஓ, அதுக்குத்தான் வந்தீங்களா? நீங்க தூக்கிக் குடுத்து நான் வாங்கிக்கணும். நீங்களும் நிம்மதியாத் தூங்கலாம்."

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் இருக்கு. நீங்க வேணாம்னா எனக்கா குடுப்பாங்க? காத்திருப்புல அடுத்த ஆள் யாரோ, அவங்கள கூப்பிடுவாங்க. அவங்க ஆராய்ச்சி எறும்பப் பத்தி இருக்கும்."

ஃபஸீஹாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

நீலாவதி இருவருக்கும் மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். "சண்ட போடுறதுன்னா குடிச்சிட்டுப் போடுங்க" என்றவர் ஃபஸீஹாவைப் பார்த்து, "இந்த வீடு தோட்டத்து வீடும்மா. பேசுறதெல்லாம் பேசுங்க, எங்க பேரு வர்ற எடத்துல மட்டும் பாத்துப் பேசுங்க" என்றார்.

அந்த ஒரு பேச்சில் கோபம் தணிந்தது. ரதி கை நீட்டி, "அந்தக் கான்ட்ராக்டக் குடு, பாப்போம்" என்றாள். நீங்க எப்போது நீயாயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை.

ஒப்பந்தத்தை அவள் பாதி தூரம்தான் படித்திருப்பாள். ஓர் இடத்தில் விரலை வைத்து ஃபஸீஹாவின் பக்கம் திருப்பினாள். ஆய்வு முடிவு எதையும் வெளியிடுவதற்கு முன் நன்கொடையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று இருந்தது.

"இதப் படிச்சியா?"

"படிச்சேன். எல்லாத்துலயும் போடுறதுதானேன்னு விட்டுட்டேன்."

"ஒன் நண்டு எதுனால சாகுது?"

"அதத்தானே கண்டுபிடிக்கப் போறேன்."

"சரி, கண்டுபிடிச்சிட்ட. ஆத்துக்கு மேல இருக்கிற எண்ணெ மில்லுக் கழிவுத் தண்ணியாலன்னு வருது. மில்லு யாரோடது? காசு போடுற தோட்டக் கம்பெனியோடதுதானே? அப்ப என்ன பண்ணுவ?"

ஃபஸீஹாவுக்கு அந்தச் சந்தேகம் ஏற்கனவே இருந்தது. மழைக்குப் பிறகு மில்லுக்குக் கீழே எடுத்த சேற்றில் வரும் நாற்றம் அவளுக்குத் தெரியும். விண்ணப்பத்தில் அதை எழுதாமல் விட்டிருந்தாள். யாரும் எழுதாதே என்று சொல்லவில்லை. அவளாகவேதான் விட்டாள். யாருக்கும் தொந்தரவு இல்லாத நண்டு என்று ஷஹீதா சொன்னது உறுத்தியது இதனால்தான் என்று இப்போது விளங்கியது.

"எனக்கு யாரும் எடம் தர வேணாம்" என்றாள் ரதி. "குழு எனக்கு என்ன மார்க் போட்டுச்சுன்னு சொல்லட்டும். நான் தகுதியில்லன்னா வாயத் தொறக்க மாட்டேன். தகுதின்னா, யாரு எடுத்தது, எதுக்கு எடுத்ததுன்னு சொல்லட்டும்."

"அப்ப குழுவையே போய்க் கேப்போம்" என்றாள் ஃபஸீஹா.

குழுவின் தலைவர் பேராசிரியர் இராசரத்தினம், யாழ்ப்பாணத் தமிழர். சிரம்பானில் இருந்தார். அவரைப் பார்க்கப் போவதற்கு முன் ஃபஸீஹா ஒரு காரியம் செய்தாள். அவளுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. ஷஹீதாவைத் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, நீங்க சொன்னத நான் சொல்லப் போறேன். ஒங்க பேரச் சொல்லாம முடியாது. ஒளிச்சு வச்சுச் செய்யப் பிடிக்கல, அதான் கூப்பிட்டேன்" என்றாள்.

"ஒனக்கு நல்லது நெனச்சுத்தானே சொன்னேன்" என்று மட்டும் சொல்லி ஷஹீதா வைத்துவிட்டார்.

இராசரத்தினம் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். இரண்டு பெண்களையும் வரவேற்று உட்காரச் சொன்னவர், ரதியைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். "நீர்தானே கடைசி நேரத்தில விலகிப் போனது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பிள்ளை. உமக்குத்தான் நாங்க முதல் இடம் போட்டது."

ஃபஸீஹா முந்திக்கொண்டாள். "அவங்க விலகல சார். விலக்கிட்டாங்க. அவங்க எடத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டாங்க."

அவர் நம்பவில்லை. ரதி தனக்கு வந்த மின்னஞ்சலைக் கைப்பேசியில் காட்டினாள். ஃபஸீஹா ஷஹீதா சொன்னதைச் சொன்னாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் முகத்தில் முதலில் தெரிந்தது கோபமல்ல, வெட்கம். "எங்களிட்ட இவ தானாவே விலகினதாச் சொன்னவை. நாங்களும் ஏன் எண்டு கேட்கேல்ல. கேட்டிருக்க வேணும்."

கதவு வரை வந்து வழியனுப்பியவர், "என்னால என்ன செய்ய முடியும் எண்டு தெரியாது. குழுவில மற்ற நாலு பேரையும் கூப்பிட்டுக் கதைக்கிறன்" என்றார். அதற்கு மேல் வாக்குறுதி எதுவும் தரவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து ஃபஸீஹா அறவாரியத்துக்கு எழுதினாள். குழு போட்ட வரிசை மாற்றப்பட்டதற்குக் காரணம் தெரியும்வரை, வெளியீட்டுக்குச் சம்மதம் கேட்கும் விதி ஒப்பந்தத்தில் இருக்கும்வரை, கையெழுத்திட முடியாது. அதையே ரதியின் கையெழுத்தும் சேர்த்து, நெதர்லாந்தில் அவர்களை ஏற்கவிருந்த பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் அத்தாவிடம் சொன்னாள்.

நாகூர் கனி கடையை மூடிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். கேட்டு முடித்ததும் கையைக் கழுவிவிட்டார். "நீ திருடலியே. ஒருத்தர் கையத் தட்டிவிட்டுப் பிடுங்கலியே. அவனா குடுத்தான். ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கடையில நிக்கிறது?"

"போயிட்டு, நண்டு எதுனால செத்துச்சுன்னு எழுத முடியாம திரும்பி வந்தா, அப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன் அத்தா?"

"அதெல்லாம் பெறகு பாக்கிற கத" என்று எழுந்து போனார்.

அம்மா சைதூன் பீவி மகளைக் கடிந்துகொள்ளவில்லை. கணவர் விட்டுப்போன தட்டை மூடி வைத்துவிட்டு, "அந்தப் புள்ளையோட அம்மா என்னா வேல செய்யிறாங்க?" என்று மட்டும் கேட்டார். மருந்தடிக்கிற வேலை என்றதும் மூடிய தட்டை உள்ளே எடுத்து வைத்தார். பிறகு விளக்கை அணைக்கப் போனார்.

மாசக் கடைசி வந்தது, போயிற்று. ஃபஸீஹாவின் இடம் ரத்தாகிவிட்டது என்று அறவாரியத்திலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது. கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் "கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு" என்று நாகூர் கனி சொன்னதை ஃபஸீஹா காதால் கேட்டாள். அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஒவ்வொரு முறையும் துண்டால் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்த நாட்களில் அவள் விடிந்ததும் ஆற்றுக்குப் போய்விடுவாள். மில்லுக்கு மேலே, கீழே, முகத்துவாரத்தில் என்று முறையாகச் சேறும் தண்ணீரும் எடுக்க ஆரம்பித்தாள். யார் படிக்கப் போகிறார்கள் என்ற கேள்வி இருந்தது. அதற்காகக் கை நிற்கவில்லை.

லாபுவில் தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நீலாவதியிடம், "ஒம்மவ எங்கயோ எழுதிப் போட்டிருக்காளாமே" என்று விசாரித்தார். நீலாவதி பயந்துதான் போனார். ஆனாலும் மகளை நிறுத்தச் சொல்லவில்லை. "எழுதுனா என்னா, படிச்ச புள்ள எழுதத்தான் செய்யும்" என்று மண்டோரிடம் சொன்னதாக ரதி பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

முதலில் அசைந்தது பேராசிரியர்கள் குழு. ஐவரில் ஒருவர் ஒதுங்கிக்கொண்டார். மற்ற நால்வரும், தாங்கள் ஒப்புக்கொண்ட வரிசை இதுவல்ல, இந்தத் தேர்வில் தங்கள் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். நெதர்லாந்துப் பல்கலைக்கழகம், கல்வியாளர் குழு தேர்ந்தெடுத்தவர்களைத்தான் தாங்கள் ஏற்க முடியும், வெளியீட்டுக்குத் தடை போடும் ஒப்பந்தத்தோடு யாரையும் ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டது. அறவாரியம் விசாரணை வைத்தது. ரதி உண்மையில் விலகினாளா, விலக்கப்பட்டாளா என்பதுதான் முக்கியமான கேள்வி. அறவாரியத்தின் மேலிடம் அவளாகவே விலகினாள் என்றே சாதித்தது.

அந்த அறையில் ஷஹீதாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, ஃபஸீஹா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ரதியாகவே விலகினாள் என்று ஷஹீதாவும் சொன்னால் அதோடு முடிந்தது.

"விலகல. எடுக்கச் சொன்னாங்க, நான்தான் பேர எடுத்தேன்" என்றார் ஷஹீதா. "எனக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. நாளைக்கு அவ கேட்டா நான் பதில் சொல்லணும்."

வெளியே வந்தபோது ஃபஸீஹா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "போம்மா, எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் இல்ல" என்று கடிந்துகொண்டார். ஆனால் கையை உதறவில்லை. அவருடைய வேலை போகவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

முடிவு வர மேலும் சில வாரங்கள் ஆயின. ரதிக்கு இடம் திரும்பக் கிடைத்தது, அதே தலைப்பில். சம்மதம் கேட்கும் விதி ஒப்பந்தத்திலிருந்து போயிற்று. தோட்டக் கம்பெனி தன் பணத்தை நிறுத்திக்கொண்டது. அதனால் அந்த ஆண்டு அனுப்பப்பட்டவர்கள் குறைந்தார்கள். ரதியின் செலவை நெதர்லாந்துப் பல்கலைக்கழகமே ஏற்றது. காத்திருந்தவர்களுக்கு எதுவும் இல்லை. ஃபஸீஹா அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள்.

கிளம்புவதற்கு முன் ரதி அம்மாவைப் போர்டிக்சன் கடற்கரைக்கு அழைத்து வந்தாள். திரும்பும் வழியில் இருவரும் கடைக்கு வந்தார்கள். ஃபஸீஹா அறிமுகப்படுத்தியதும் நாகூர் கனி சற்று நேரம் ரதியையே பார்த்தார். 'ஒன்னாலதான்' என்று எதையாவது சொல்லிவிடுவாரோ என்று ஃபஸீஹாவுக்குத் திக்கென்றது.

"எங்க அத்தா வந்த புதுசுல லிங்கித் தோட்டத்துலதான் துணி மூட்ட தூக்கி வித்தாங்க" என்றார் அவர் நீலாவதியிடம். "ஒங்க ஆளுங்க வாங்குன துணியிலதான் நாங்க வளந்தது. உக்காருங்கம்மா." தாமே இலை போட்டு, மீன் தலைக்கறியைக் கொண்டுவந்து ஊற்றினார். மகளிடம் அன்றுவரை சரியாகப் பேசாமல் இருந்தவர், "ஃபஸீஹா, அப்பளம் கொண்டா" என்று கூப்பிட்டார். அது போதுமாயிருந்தது.

ரதி போன பிறகு அவள் ஆய்வுக்காக லாபுப் பெண்களிடம் இரண்டாவது சுற்று மாதிரிகள் எடுக்க வேண்டியிருந்தது. ஃபஸீஹா போனாள். முதல் சுற்றில் பயந்து ஒதுங்கியவர்கள்கூட இந்த முறை வந்தார்கள். நீலாவதி வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார்.

அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் மில்லுக் கழிவை அவள் முதல் பக்கத்திலேயே எழுதினாள். கையோடு ஒரு வருட அளவீடுகளும் இருந்தன. நேர்காணலில் புதுக் குழு. பணம் போடுகிறவர்கள் யாரும் அறையில் இல்லை. ஒரு மலாய்ப் பேராசிரியை, "உங்கள் முடிவு யாருக்காவது பிடிக்காமல் போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"அவங்க அளவீட்டையும் கேட்டு வாங்கிப் பக்கத்துல போடுவேன். எது சரின்னு படிக்கிறவங்க பார்க்கட்டும்" என்று மலாயில் சொன்னாள்.

வரிசையையும் மதிப்பெண்ணையும் அன்று மாலையே கதவில் ஒட்டினார்கள். அது அந்த ஆண்டுதான் முதல் தடவை. நேர்காணலுக்குப் போனவர்கள் எல்லாரும் கூடி நின்று பார்த்தார்கள். கிடைக்காத ஒரு பையன் தன் மதிப்பெண்ணை இரண்டு முறை படித்துவிட்டு, "சரி, அடுத்த வருசம்" என்று சொல்லிப் போனான். ஃபஸீஹா மூன்றாவதாக இருந்தாள். அனுப்பவிருந்தவர்கள் நான்கு பேர்.

காருக்குள் போய் உட்கார்ந்து வீட்டுக்குச் சொன்னாள். பிறகு ரதியை அழைத்தாள். அங்கே மதியம். ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே ஓடிவந்து பேசினாள் ரதி. மூச்சு வாங்கியது.

"எத்தனாவது?"

"மூணு."

"போன வருசம் எடம் இல்ல, இந்த வருசம் மூணாவதா? பரவால்ல லா, தேறிட்ட."

இருவரும் சிரித்தார்கள். பிறகு ரதி தன் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். முதல் கட்டுரை தயாராகிவிட்டது, பெயர் போட வேண்டிய இடத்தில் மாதிரி எடுத்தவள் என்று ஃபஸீஹாவின் பெயரும் இருக்கிறது, அதை எப்படி எழுத்துக்கூட்டுவது என்று அங்கே எல்லாரும் தடுமாறுகிறார்கள் என்றாள். இங்கே காற்று காதைப் பிய்க்கும், வரும்போது நல்ல தடித்த காலுறையாக வாங்கி வா, ஊறுகாயும் எடுத்துக்கொண்டு வா என்றாள். ஃபஸீஹா எஞ்சினைக்கூடக் கிளப்பாமல், கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, அவள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.